நெட்டுக்காரர்

புதுச்சேரியில் பண்டசோழநல்லூர் மாதிரியான ஊரில் பிள்ளை பிறந்தாலும் சரி, பெரியவர் இறந்தாலும் சரி, பெண்ணுக்கு சென்டாக்கில் காலேஜ் சீட்டுக்கு எழுதிப் போட்டாலும் சரி, கடைசியில் போய் நிற்கிற இடம் நெட்டுக்காரர் கடைதான். பாட்டிகளுக்கு அவர் தம்பி, பையன்களுக்கு அண்ணா. கடை என்றால் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், இருமிக்கொண்டே வேலை செய்யும் ஜெராக்ஸ் மிஷின், லேமினேஷன் வாடை. வாசல் பிளெக்ஸில் ஆதார், பான், பட்டா, கரண்ட் பில், ரயில் டிக்கெட் என்று எல்லாம் இருக்கும். அவர் பெயர் மட்டும் இருக்காது.

வந்தவரை "வாங்க" என்று கூப்பிடுகிற வழக்கம் அவருக்கு இல்லை. "போன் எடுத்தாந்தீங்களா?" என்பதுதான் வரவேற்பு. ஓ.டி.பி. வருகிற நம்பர் வீட்டில் இருக்காது. சென்னையில் கம்பெனி வேலைக்குப் போன மகனின் சட்டைப்பையில் இருக்கும். அவனைப் பிடித்து, அவன் ஆறு இலக்கத்தையும் சொல்லி முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிடும். "இன்னொண்ணு வரும், இருங்க" என்பார்.

"பொறந்த வருஷம் இன்னா தாத்தா?"

"பிரெஞ்சுக்காரன் போன வருஷம்."

நெட்டுக்காரர் யோசிக்கவே மாட்டார். 1954 என்று குறித்துக்கொள்வார். தாத்தாவின் கணக்கு தெளிவானது. இணையதளத்தின் காலண்டர்தான் நடப்பு மாதத்தில் திறந்து நிற்கும். அம்புக்குறியை ஒருமுறை தட்டினால் ஒரு மாதம் பின்னால் போகும். 1954 நவம்பரைத் தொட 800 தடவைக்கு மேல் தட்ட வேண்டும். டைப் அடித்தாலோ ஏற்காது. "இதைச் செஞ்சவன் வீட்டுல பெரியவங்களே இல்ல போல" என்று முனகியபடி தட்டிக்கொண்டிருப்பார்.

அடுத்து முகவரி. 605 என்று தொடங்கும் பின்கோடு புதுச்சேரிக்கும் உண்டு, விழுப்புரத்துக்கும் உண்டு. அதைப் பார்த்ததும் ஒரு தளம் தானாகவே 'தமிழ்நாடு' என்று நிரப்பிப் பூட்டிவிடும். இன்னொன்று மாநிலப் பட்டியலில் பாண்டிச்சேரியைத்தான் வைத்திருக்கும். 2006-இல் பெயர் மாறிய சேதி அதற்கு இன்னும் போய்ச் சேரவில்லை. ஊர்ப் பெயரோ ஆதாரில் இசட்-எச், ரேஷன் கார்டில் எல். பான் கார்டு படிவம் கடைசிப் பெயர் கட்டாயம் என்று அடம் பிடிக்கும். இனிஷியலோடு வாழ்கிற ஊரில் கடைசிப் பெயருக்கு எங்கே போவது? அப்பா பெயரை அங்கே தள்ளிவிடுவார். பின்னாளில் ஏர்போர்ட்டில் அப்பா பெயரைச் சொல்லி அழைக்கும்போதுதான் பிள்ளைக்கு விஷயம் விளங்கும்.

கருவிகளுக்கு அவரிடம் குறைவில்லை. போட்டோவை 20 கே.பி.க்கு மேலும் 50 கே.பி.க்குள்ளும் நிறுத்த ஒரு தளம், பி.டி.எஃப்.களை ஒட்ட ஒரு தளம், பாமினியில் அடித்ததை யூனிகோடாக்க ஒரு தளம். எல்லாம் இலவசம், விளம்பரத்தில் கைபடாமல் சரியான பட்டனை அமுக்கும் வித்தைக்குத்தான் காசு. அவர் கட்டணமும் வேலையைப் பொறுத்ததல்ல, தளத்தைப் பொறுத்தது. ஒழுங்கான தளம் என்றால் 30 ரூபாய்; பாதியில் வெளியே தள்ளுகிற தளம் என்றால் 100.

அவருடைய உண்மையான திறமை தமிழில் இருக்கிறது. திரையில் 'செல்லுபடியாகாத உள்ளீடு' என்று வரும். "இனிஷியலுக்கு அப்புறம் புள்ளி வெச்சிட்டோம்மா, அதுக்குப் புடிக்கல" என்பார். 'தங்கள் விண்ணப்பம் உரிய அலுவலரின் பரிசீலனையில் உள்ளது' என்று வந்தால், "இன்னும் யாரும் பாக்கல." 'கூடுதல் ஆவணங்கள் கோரப்பட்டுள்ளன' என்று வந்தால், "சிவப்பு ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கேக்குறாங்க." ஒரு துறையே கூடி எழுதிய வாக்கியத்தை ஒரு மூச்சில் வீட்டுத் தமிழாக்கிவிடுவார்.

இந்திய அரசின் இணையதளங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று 2009-லேயே வழிகாட்டி நூல் வந்துவிட்டது. ஐந்து பேரை உட்கார வைத்துப் பயன்படுத்தச் சொல்லிப் பார்த்தாலே ஒரு தளத்தின் பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று டென்மார்க்கில் பிறந்த இணையப் பயன்பாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். அந்த ஐந்து பேரும் காலை பத்து மணிக்குள் நெட்டுக்காரர் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்கள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். ஆனால் தளம் கட்டுகிறவர்கள் யாரும் அவரைக் கேட்பதில்லை.

ஊர்க்காரர்கள் கேட்டார்கள். கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஒரு வெப்சைட் செய்து தரச் சொன்னார்கள். ராத்திரியெல்லாம் விழித்துச் செய்தார். திறந்ததும் நாதஸ்வரம் அலறும், நிறுத்த வழியில்லை. மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். அதைப் படிக்க முனைந்தால் உபயதாரர் படம் வந்து மறைக்கும். அழைப்பிதழைப் போட்டோ எடுத்து ஏற்றியிருப்பார், பெரிதாக்கினால் மங்கும்.

"எல்லாம் ஜோரா கீது தம்பி. தேதியத்தான் காணோம்" என்றார் தர்மகர்த்தா.

நெட்டுக்காரர் அசரவில்லை.

"கீழ என் நம்பர் போட்டிருக்கேனே. போன் பண்ணாச் சொல்லப்போறேன்!"