மலையேறும் ஜிப்சிக்கு ஒரு பல்லக்கு

என் மச்சினனிடம் ஒரு மாருதி ஜிப்சி இருக்கிறது. ஆற்றில் இறங்கும். பாறையில் ஏறும். சேற்றில் அச்சு வரை புதைந்தால், மூக்கில் மாட்டியிருக்கும் வின்ச் கம்பியை எதிரே நிற்கும் மரத்தில் கட்டித் தன்னைத்தானே வெளியே இழுத்துக்கொள்ளும். அதனால் முடியாத ஒரே காரியம், பெங்களூர் பிரேசர் டவுனிலிருந்து ஓசூருக்குத் தார் ரோட்டில் போவதுதான்.

காரணம் சட்டம். கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம். ஆறு மாதம் வரை உள்ளே போடவும் இடமுண்டு. ‘ஒன்றுக்கு’ என்பதைப் படித்ததும் என் மனைவி காகிதமும் பேனாவுமாக வண்டியைச் சுற்றி வந்தாள். டயர் பெரிசு, ஸ்பிரிங் உயரம், பம்பர் இரும்பு, கூரை இருந்த இடத்தில் கம்பிக்கூண்டு. பின்னாலேயே போன அவள் தம்பி ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் சொன்னான். “சேஸிஸ் நம்பர் மட்டும் கம்பெனியோடதுதாண்டா, பத்திரமா வெச்சுக்கோ” என்று பட்டியலை அவன் கையில் திணித்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

சட்டம் விட்டாலும் டயர் விடாது. சேற்றுக்கென்று ஆழமாக வெட்டிய டயர் தார் ரோட்டில் ஊளையிடும், சீக்கிரம் தேய்ந்தும் போகும். அதைவிடப் பெரிய கவலை, போன வண்டி திரும்பி வருவது. மச்சினன் கண் வைத்திருப்பது ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் என்ற போட்டி. மலேசியாவில் 1997இல் தொடங்கியது, 2014இல் கோவாவுக்கு வந்து சேர்ந்தது. மழைக்காலமாகப் பார்த்து, வழுக்கும் காடாகப் பார்த்து நடத்துவார்கள். அச்சு முறிந்த வண்டியை 500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு பெங்களூர் வர முடியாது. ஆக, காட்டை வெல்லப் புறப்பட்ட வீரரை அங்கே தூக்கிப் போய்த் தூக்கி வர ஒரு பல்லக்கு தேவை. அதுதான் டிரெய்லர்.

“மாமா, நீங்கதான் பார்த்து எடுத்துக் கொடுக்கணும்” என்றான். கியர் ஆயிலையும் விளக்கெண்ணெயையும் நான் வாசனையை வைத்துத்தான் பிரித்தறிவேன். ஆனால் எங்கள் குடும்பத்தில் கண்ணாடி போட்டிருப்பவன் நான் ஒருவன்தான் என்பதால், படித்துச் சொல்ல வேண்டிய விஷயமெல்லாம் என்னிடம் வந்துவிடும்.

முதல் கேள்வி எடை. பழைய கையேட்டில் ஜிப்சி 985 கிலோ என்று இருக்கிறது. அந்த எண்ணோடு சிவாஜிநகர் குஜிரிச் சந்தைப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனோம். பட்டறை பாய் எண்ணைக் கேட்டார், செல்போனில் வண்டியின் படத்தைப் பார்த்தார், மறுபடி எண்ணைக் கேட்டார். “புக்ல இருக்கிற வண்டி எங்க சார்? நான் அதைப் பார்க்கணும்” என்றார். வின்ச், இரும்பு பம்பர், கூண்டு, பெரிய டயர், ஸ்டெப்னி, டூல்ஸ் பெட்டி, டீசல் கேன் எல்லாம் சேர்ந்தால் 1,200க்குக் குறையாது என்பது அவர் கணக்கு. டீசல் கேன் எதற்கு, ஜிப்சி பெட்ரோல் வண்டியாயிற்றே என்று நான் கேட்டேன். இழுக்கப்போகும் வண்டிக்காம். எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். எடை மேடைக்கு வண்டியை எப்படிக் கொண்டுபோவது? டிரெய்லரில்தான்.

ஜிப்சி 4 மீட்டர் நீளம். அதைத் தாங்கும் இரும்பு டிரெய்லரே 600 கிலோ வந்துவிடும். இரண்டும் சேர்ந்தால் 1,800. ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குச் சொந்த பிரேக் இருந்தே ஆக வேண்டும். அது அவர்கள் ஊர்ச் சட்டம் என்று தள்ளிவிட முடியாது. கிருஷ்ணகிரி இறக்கத்தில் பௌதிகம் அதேதான். இழுக்கிற வண்டி பிரேக் போட்டால், பின்னால் வருகிற 1,800 கிலோவுக்கும் அந்தத் தகவல் போய்ச் சேர வேண்டும். மச்சினன் இழுக்க வைத்திருந்த காரின் கையேட்டில் எவ்வளவு எடை இழுக்கலாம் என்று தேடினேன். குழந்தை சீட்டைப் பற்றி நாலு பக்கம், வாசனைத் திரவியம் பட்டால் டேஷ்போர்டு என்னாகும் என்று ஒரு பத்தி இருந்தது. இழுவையைப் பற்றி ஒரு எண் கூட இல்லை.

அடுத்தது மூக்கு எடை. ஏற்றிய பாரத்தில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் அழுத்த வேண்டும். 1,800 கிலோவுக்கு 180இலிருந்து 270 கிலோ. குறைந்தால் டிரெய்லர் பின்னால் கனத்து, வேகம் எடுத்ததும் வாலாட்டத் தொடங்கும். ஆட்டத்தைப் பார்த்து பயந்து பிரேக்கை மிதித்தால் இன்னும் மோசம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுக்க வேண்டும். மூக்கில் எடை விழ வேண்டும் என்றுதான் ஜிப்சி மாதிரி இன்ஜின் முன்னால் இருக்கும் வண்டியை முகம் முன்னால் பார்க்க ஏற்றுவது. மச்சினனுக்கு ரிவர்ஸில் ஏற்ற ஆசை. இறங்கும்போது கம்பீரமாக இருக்குமாம். கட்டுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பாடியில் பெல்ட்டைப் போட்டு இறுக்கினால், ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்பிரிங் அமுங்கி பெல்ட் தளரும். டயரையோ அச்சையோ சேர்த்து நாலு மூலையிலும் இழுத்துக் கட்ட வேண்டும். பெங்களூரில் பள்ளத்துக்குப் பஞ்சமில்லை என்பதால் இதை அடிக்கோடிட்டு வைத்தேன்.

ஒற்றை அச்சா, இரட்டை அச்சா என்பதில் வீடு இரண்டுபட்டது. ஒற்றை அச்சு மலிவு, காலியாக இருந்தால் இரண்டு பேர் கையால் தள்ளித் திருப்பிவிடலாம், ஆனால் ஹைவேயில் ஒரு டயர் வெடித்தால் கதை முடிந்தது. இரட்டை அச்சு நெடுஞ்சாலையில் கல்லாய் நிற்கும், நின்ற இடத்தில் திருப்ப முயன்றாலும் கல்லாய்த்தான் நிற்கும். நாமக்கல் பெரியப்பா போனிலேயே தீர்ப்புச் சொன்னார். கேஸ் டேங்கருக்கும் லாரிக்கும் பாடி கட்டும் ஊர்க்காரர். சின்னதாக யோசித்துப் பழக்கமில்லை. “40 அடிக்கு ஒண்ணு கட்டிடலாம்பா. இன்னைக்கு ஒரு ஜிப்சி, நாளைக்கு வியாபாரம் பெருகினா மூணு ஏத்திக்கலாம்” என்றார். எது பெருகும் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

எங்கே கட்டினாலும் இன்னொரு மலை ஏற வேண்டும். நம் சட்டப்படி டிரெய்லரும் தனி வாகனம். அதற்கும் பதிவு, அதற்கும் நம்பர் பிளேட், பின்னால் விளக்குகள், அங்கீகாரம் பெற்ற வடிவம். பட்டறையில் நினைத்தபடி பற்றவைத்து ரோட்டில் விட முடியாது. சட்டத்துக்கு ஒத்துவராத ஜிப்சியைக் காப்பாற்றப் பதிவில்லாத டிரெய்லர் வாங்குவது, கடனை அடைக்கக் கடன் வாங்கும் எங்கள் குடும்ப வழக்கத்தோடு ஒத்துப்போகிறது என்றாலும், மனைவி மறுத்துவிட்டாள்.

இத்தனை பேச்சும் நடந்தது மாஸ்க் ரோட்டில், ஆல்பர்ட் பேக்கரியில் வாங்கிய பால்கோவா நானைப் பிய்த்துக்கொண்டு. 1902இல் தொடங்கிய கடை. அந்த வயதுதான் ஏறக்குறைய எங்கள் பிரேசர் டவுனுக்கும். 1898இல் பிளேக் வந்து கன்டோன்மென்ட்டைப் புரட்டிப் போட்ட பிறகு, நெரிசலிலிருந்து ஜனங்களைப் பிரித்துக் காற்றோட்டமாகக் குடிவைக்கப் போட்ட திட்டம். நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆசிரியராக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரை வைத்தார்கள். இப்போது அரசாங்கப் பெயர் புலிகேசி நகர். ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் திரும்பிப் பார்ப்பார். திட்டம் போட்டவர்கள் காற்றுக்கு வழி விட்டார்கள், ஜட்காவுக்கு வழி விட்டார்கள். காரை நம்பாமல் இழுக்க எடுக்கும் டபுள் கேபின் பிக்கப் 5.3 மீட்டர், டிரெய்லர் மூக்கோடு 5.5 மீட்டர், ஆக ஏறக்குறைய 11 மீட்டர் நீளத்துக்கு ஒரு வஸ்து கோல்ஸ் ரோட்டிலிருந்து எங்கள் சந்துக்குள் திரும்பும் என்று அவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். பி.எம்.டி.சி. பஸ் இதைவிட ஒரு மீட்டர்தான் அதிகம். நடுவில் மடங்காது என்ற நல்ல குணமும் பஸ்ஸுக்கு உண்டு. டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டீரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் அது வலப்பக்கம் போகும். ரம்ஜான் மாலையில் மாஸ்க் ரோட்டில் இதைப் பழகிப் பார்க்க நினைப்பவர் முதலில் கபாப் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு வைப்பது நல்லது.

நிறுத்துவது எங்கே? மங்கி டாப் ஜன்னல் வைத்த பழைய பங்களாக்களில் காம்பவுண்டு இருந்தது. ரெண்டு டிரெய்லரும் ஒரு மாட்டுக் கொட்டகையும் தாராளமாகக் கொள்ளும். அவை இடிந்து அடுக்ககம் ஆகிவிட்டன. எங்கள் கட்டடத்தில் வீட்டுக்கு ஒரு கட்டம். அதில் இப்போது ஜிப்சி நிற்கிறது, கார் வெளியே வெயிலில் காய்கிறது. டிரெய்லருக்கு இடம் கேட்டு அசோசியேஷன் கூட்டத்தில் மச்சினன் எழுந்தான். தண்ணீர் டேங்கர் பிரச்சினை முடியட்டும் என்றார்கள். பெங்களூரில் தண்ணீர் டேங்கர் பிரச்சினை முடியாது என்பது அவனுக்கும் தெரியும்.

கண்ணாடி போட்டவன் தீர்ப்பு இது. ஆண்டில் சில முறை காட்டுக்குப் போகிறவர் டிரெய்லர் வாங்க வேண்டாம். பழுதான வண்டியை ஏற்றிப் போகும் ஃபிளாட்பெட் லாரியை வாடகைக்கு எடுங்கள். பிரேக் அவர்களுடையது, பதிவு அவர்களுடையது, ரிவர்ஸ் எடுக்கும் தலைவலியும் அவர்களுடையது; வேலை முடிந்ததும் லாரி அதன் ஊருக்குப் போய்விடும். வாங்கித்தான் தீருவேன் என்பவர் இரட்டை அச்சு, சொந்த பிரேக், முறையான பதிவு மூன்றும் உள்ளதாகப் பாருங்கள்; அதற்கு முன் நிறுத்தும் இடத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். மச்சினன் இன்னும் மனம் மாறவில்லை. ஹொசகோட்டைப் பக்கம் 11 மீட்டர் வண்டி திரும்புமளவு காலி மனை யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். ஜிப்சியையும் சேர்த்து அங்கேயே விட்டுவிடுகிறோம், வாடகை என் பொறுப்பு.