கருமேனியாற்றங்கரைக்குச் செல்ல உகந்த பருவம்: சாத்தான்குளத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

ஆற்றங்கரை ஊருக்கு ஆற்றில் நீர் ஓடும்போது போக வேண்டும் என்பது பயண அறிஞர்களின் துணிபு. தாமிரபரணிக் கரை ஊர்களுக்கு இது பொருந்தும். இரண்டு பருவமழையும் அதற்குப் படியளக்கின்றன. சாத்தான்குளத்துக்கு வாய்த்ததோ கருமேனியாறு. மணப்பாட்டில் கடலில் சேர்வது அதன் பணி; ஆண்டின் பெரும்பகுதி விடுப்பில் இருக்கும்.

மாற்றுக் கொள்கைகளும் மறுப்பும்

ஐப்பசி, கார்த்திகையே சிறந்தது என்பது முதற்கொள்கை. இதை டீக்கடை அறிஞர் ஒருவர் ஒரே வரியில் மறுத்தார்: “மழை பெஞ்சா ஆறு வரும் அண்ணாச்சி, ஆறு வந்தா பஸ் வராதுல்லா.” 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்ட, திருச்செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்றுவிட்டதை எண்ணினால், அவர் கூற்று சான்றுடைத்து.

ஆடிதான் என்பது இரண்டாம் கொள்கை. குற்றாலத்தில் சாரலை இறக்கிவிடும் காற்று, இங்கு வந்ததும் குதிரைமொழித் தேரியின் செம்மணலை ஏற்றிக்கொள்கிறது. பார்க்க வந்தவர் கண்ணைத் திறந்தால்தானே பார்ப்பதற்கு?

திணை ஆராய்ச்சி

தேரியைக் கண்டவர் இந்நிலத்தைப் பாலை என ஒப்புவர். பாலைக்குத் தொல்காப்பியர் வகுத்த பொழுது வேனில், நண்பகல். ஆனால் சாத்தான்குளத்தில் சித்திரைப் பிறப்பையொட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இலக்கணத்துக்குப் பணிந்து அந்நேரம் பஸ்ஸை விட்டு இறங்குபவர் ஒதுங்க நிழல் தேடினால், தம்முடையதே காலடிக்குள் ஒதுங்கியிருக்கக் காண்பார்.

இதற்குத் தீர்வு திணைமயக்கம். ஊர் பாலை; ஆறு, வறண்டாலும், மருதம். மருதத்துக்கு உரிய சிறுபொழுது வைகறை. ஆகவே பெரும்பொழுதைப் பாலையிடமும் சிறுபொழுதை மருதத்திடமும் பெற்றுக்கொள்க: வேனில், வைகறை.

களச்சான்று

இலக்கணம் சொன்ன அதே வேளையில்தான் பனையேறி மேலே இருக்கிறார். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இரவெல்லாம் சொட்டிய பதனி இறங்குகிறது. பட்டை பிடித்து, நுங்கு போட்டுக் குடிக்கலாம். ஆற்றில் இல்லாத நீர் பனையில் இருக்கும் மாதங்கள் இவை. ஆற்றங்கரை ஊரின் பருவத்தை ஆற்றிடம் கேட்டதே முன்னோர் செய்த முறையியல் பிழை.

முடிவு

பங்குனி முதல் ஆனி வரை, வெயில் ஏறுமுன். தாமிரபரணி வெள்ள உபரியைக் கருமேனியாற்றுக்கும் நம்பியாற்றுக்கும் கொண்டுசெல்ல 2009-இல் தொடங்கிய 75 கி.மீ. கால்வாய்த் திட்டம் ஆற்றின் விடுப்பை ரத்துசெய்தால், முடிவு திருத்தப்படும்.

பருவம் தவறியவர்களுக்கு, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டி உண்டு. பதனியைக் காய்ச்சி இறுக்கிய அது ஆண்டு முழுதும் கிடைப்பதால், எம்மாதமும் உகந்த மாதமே என்றாகிறது. இவ்வுண்மை இக்கட்டுரையின் தேவையையே ஐயத்துக்குள்ளாக்குவதால், ஆய்வு இத்துடன் நிறுத்தப்படுகிறது.