கடலடிக்குப் பட்டா

மன்னார் கடலுக்கு அடியில் 267 பில்லியன் டாலர் பெறுமதியான எண்ணெயும் எரிவாயுவும் கிடக்கிறதாம். சொன்னவர் இலங்கையின் எரிசக்தி அமைச்சராக இருந்த உதய கம்மன்பில. நாட்டுக் கடனெல்லாம் தீர்ந்துவிடும் என்ற கணக்கும் கூடவே வந்தது. 2022 ஏப்ரலில் அதே நாடு, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்தது. எரிபொருள் வரிசையில் நின்ற முதியவர்கள் அங்கேயே விழுந்து செத்தார்கள். மார்ச் மாதமே, அரிசிக்கும் பால்மாவுக்கும் வழியில்லாமல், மன்னார்ப் பக்கத்திலிருந்து குழந்தைகளோடு படகேறியவர்கள் தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கினார்கள்.

இந்த பில்லியன்கள் பிறக்கும் விதம் சுவாரசியமானது. கப்பலிலிருந்து காற்றுவெடி போட்டு, எதிரொலியை வைத்துப் படிவுப் பாறையின் பரப்பையும் தடிமனையும் கணிக்கிறார்கள். பாறையில் எவ்வளவு துளை, துளையில் எண்ணெய் இருக்க எவ்வளவு வாய்ப்பு, இருந்தால் எவ்வளவு எடுக்கலாம் என்று ஊகத்தை ஊகத்தால் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். புவியியலாளர் அதை ஊகம் என்றுதான் எழுதுகிறார். அமைச்சர் வாயில் அது ரொக்கமாகிவிடுகிறது. 2011இல் கெய்ர்ன் எண்ணெய் நிறுவனம் அதே மன்னார்க் கடலில் டொராடோ, பாரகுடா என்ற இரண்டு கிணறுகளில் எரிவாயுவைக் கண்டது. 2015இல் மூட்டை கட்டியது. அந்த வாயுவில் இலங்கையில் ஓர் அடுப்புகூட எரிந்ததில்லை.

கெய்ர்னோடு ஒப்பந்தம் போட்ட மாதத்தைப் பாருங்கள்: 2008 ஜூலை. மன்னார்க் கரையில் ராணுவம் முன்னேறிக்கொண்டிருந்தது. சனங்கள் சட்டி பானையோடு வன்னிக்குள் ஓடிக்கொண்டிருந்தார்கள். மேலே இருப்பவர்களைக் காலி செய்துகொண்டே கீழே இருப்பதை விலை பேசுவதற்கு எவ்வளவு நிதானம் வேண்டும்! கடலடி மனைகளில் இந்தியாவுக்கு ஒன்று, சீனாவுக்கு ஒன்று என்று அதற்கு முன்பே ஒதுக்கியும் வைத்திருந்தார்கள்.

அந்தத் தீவின் போரிலிருந்து தப்பி வந்த தமிழர்களில் ஒரு பகுதியினர் திருவள்ளூர் மாவட்டத்தில், சிப்காட் ஆலைகள் புகைவிடும் கும்மிடிப்பூண்டியில், முகாமில் இருக்கிறார்கள். முப்பது வருடம் தாண்டியாயிற்று. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கே பிள்ளைகள் பிறந்துவிட்டன. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் வரை தேடிப்போய்க் கருணை காட்டியது. பாக் நீரிணையைத் தாண்ட மட்டும் அதற்கு நீச்சல் தெரியவில்லை. 2021இல் தமிழக அரசு அகதிகள் முகாமை மறுவாழ்வு முகாம் ஆக்கியது. பெயர்ப்பலகைக்குப் புது வாழ்வு வந்தது. முகாம் ஆண்கள் பலருக்குப் பிழைப்பே பெயிண்டு அடிப்பதுதான் என்பதால் அதற்கு ஆள் தேட வேண்டியிருந்திருக்காது. ஆனால் ஆளைக் கணக்கெடுக்கும் அதே தணிக்கை, வெளியூரில் தங்கக் கேட்க வேண்டிய அதே அனுமதி. கடலுக்கு அடியில் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்துச் சேற்றுக்கு உரிமையாளர் யார் என்பதில் இலங்கை, இந்திய அரசுகள் இரண்டுக்கும் குழப்பமே இல்லை. தரைக்கு மேல் நடமாடும் இந்த மனிதர்கள் எந்த நாட்டவர் என்பதில்தான் தீராத ஆராய்ச்சி.

கொழும்புக்கும் டெல்லிக்கும் ஒரு யோசனை. முகாமிலும் ஒரு காற்றுவெடி போட்டுப் பாருங்கள். அடியில் கொஞ்சம் வாயு அகப்பட்டால் போதும், ஒரே வாரத்தில் பட்டா தயாராகிவிடும். முகாம்காரர்கள் பெயரில் அல்ல.