கெட்டிக்காரப் பேரனுக்குக் கொஞ்சம் கெட்ட புத்தி

வா பேராண்டி, இப்பிடித் திண்ணையில உக்காரு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, சம்பளம் கூடியிருக்கு, சந்தோஷம் கூடலைன்னு. உங்கம்மா எல்லாத்தையும் சொல்லிட்டா. சென்னையில கம்ப்யூட்டர் கம்பெனி. ஒன்பது பேரு இருக்கிற டீமு. அதுல வேலையப் பாக்கிறது நீ, உன்னையப் பாக்கிறது மத்த எட்டுப் பேரு. வருஷக் கடைசியில மேனேஜர் எந்திரிச்சு, “இது டீமோட வெற்றி”ங்கிறாராம். அப்புறம் கேக்கு வெட்டுறாகளாம். வேலையத்தான் பங்கு வைக்கத் தெரியல, கேக்கையாவது சமமாப் பங்கு வைக்கிறாகளே, அந்த மட்டுக்கும் நல்ல டீமுதான்.

இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வந்திருக்க. நல்லா வேலை பாக்கிறவனுக்கு என்ன பரிசு கெடைக்கும்னு உனக்கு யாரும் சொல்லித் தரலையா? இன்னும் நாலு வேலைய்யா!

மொதல்ல என் கெட்ட புத்தியக் கேட்டுக்கோ. திங்கக்கிழமை முடிச்ச வேலைய வியாழக்கிழமை வரைக்கும் பொத்தி வையி. அனுப்பும்போது ராத்திரி பதினொன்றரை மணிக்கு அனுப்பு. மேலதிகாரிக்கு வேலை தெரியாது, நேரம் தெரியும். மீட்டிங்குல எவன் என்ன சொன்னாலும் “நல்ல பாயிண்டு”ன்னு தலைய ஆட்டு. எல்லாத்துக்கும் மேல, உனக்கு எது நல்லா வரும்ங்கிறத ஒரு பயலுக்கும் தெரியவிடாத. சொசைட்டியில கணக்கெழுதுன காலத்துல எனக்குக் கூட்டல் நல்லா வரும்னு எப்பிடியோ வெளிய தெரிஞ்சுபோச்சு. உரக்கணக்கு, நகைக்கடன் கணக்குன்னு ஆரம்பிச்சு, கடைசியில செயலாளர் வீட்டுக் கல்யாணத்து மொய்க்கணக்கும் நாந்தான் எழுதுனேன். பந்தியில உக்காரப் போனா பாயாசம் தீந்துபோச்சு.

சிரிக்காத. இது நம்ம ஊரு நோக்காடு மட்டுமில்ல. கிள்ளிகுளம் வேளாண் காலேஜுல படிக்கால்ல உன் அத்தை மக, அவதான் ஃபோன்ல வாசிச்சு வாசிச்சுக் காட்டுனா. பிரான்சு தேசத்துல மாக்ஸ் ரிங்கெல்மான்னு ஒரு விவசாய இன்ஜினியர். 1880-கள்லயே ஆளுகள வடக்கயிறு இழுக்கவிட்டு அளந்து பாத்திருக்காரு. ஒத்த ஆளா இழுக்கும்போது ஒருத்தன் பலம் நூறுன்னு வச்சுக்கோ. 2 பேரு சேந்து இழுத்தா ஆளுக்கு 93. 4 பேருன்னா 77. 8 பேரு சேந்தா 49. எட்டு ஆளு கூலி குடுத்தா நாலு ஆளு வேலை நடக்கும். 1913-லயே அது அச்சுல வந்துருச்சு. உங்க மேனேஜர் இன்னும் வாசிக்கல போலருக்கு.

அத்தனையும் சோம்பேறித்தனம்னும் நெனச்சுராத. ஒருத்தன் இழுக்கையில இன்னொருத்தன் மூச்சு வாங்குவான், இழுப்பு ஒண்ணுசேராது. ஆனா 1974-ல அமெரிக்காவுல ஒரு குசும்பு பண்ணியிருக்காக. ஒருத்தனைக் கண்ணைக் கட்டி முன்னால நிப்பாட்டி, பின்னால நிக்கிற ஆளுகளை இழுக்கிற மாதிரி சும்மா நடிக்கச் சொல்லியிருக்காக. நெசத்துல இழுக்கிறது அவன் ஒருத்தன்தான். ஆனாலும் பின்னால ஆளு இருக்குன்னு நம்புனதுமே அவன் கை தளந்துபோச்சு. 1979-ல லட்டானே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ்னு மூணு பேரு, கயித்த விட்டுட்டு, கைதட்டச் சொல்லியும் கத்தச் சொல்லியும் அளந்தாக. அதுலயும் இதே கதைதான். காசா பணமா, கைதட்டுறதுக்குமா கஞ்சத்தனம்!

பாரம் எங்க போயி விழும்? இழுக்கிறவன் தலையிலதான். ராப் கிராஸ், ரெப் ரீபெல், ஆடம் கிராண்ட்னு மூணு பேரு 2016-ல ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவுல எழுதியிருக்காக. கூடிச் செய்யிற வேலையில உருப்படியானதுல 20-லருந்து 35 சதவீதம், வெறும் 3-லருந்து 5 சதவீத ஆளுக கையாலதான் நடக்குதாம். எல்லாரும் தேடிவர்ற அந்த ஆளுகதான் வேலையில மனசு விட்டுப் போயி நிக்கிறாகளாம். உன் மூஞ்சி மாதிரியே!

வேலை பிந்துனா உங்க மேனேஜர் என்ன செய்வாரு? இன்னும் நாலு ஆளச் சேப்பாரு. ஐபிஎம்ல பெரிய வேலைய நடத்துன பிரெட் புரூக்ஸ் 1975-லயே புத்தகம் எழுதி வச்சிருக்காரு, பிந்துன சாப்ட்வேர் வேலையில ஆளச் சேத்தா இன்னும் பிந்தும்னு. 5 பேருன்னா சோடி சோடியாப் பேசிக்கிட 10 வழி, 10 பேருன்னா 45 வழி. வந்த புது ஆளுக்கு யாரு சொல்லிக் குடுக்கிறது? நீதான். அப்ப உன் வேலைய யாரு பாக்கிறது? அதுவும் நீதான்.

இரு, இரு. “அப்ப கெட்டிக்காரனாப் பொறுக்கி ஒரு டீம் போட்டுட்டா என்ன தாத்தா?”ன்னு கேக்கத்தான வாயத் தெறக்க? அதுக்கும் பதில் கோழிக்கூண்டுல இருக்கு. அமெரிக்காவுல பர்டியூ பல்கலைக்கழகத்துல வில்லியம் மியூர்னு ஒரு விஞ்ஞானி. கூடுதலா முட்டை இடுற கோழியா ஒண்ணொண்ணாப் பொறுக்குனா, பக்கத்துக் கோழியக் கொத்தி ஒடுக்கிட்டு முட்டை இடுற ரவுடிக் கோழியும் அதுல சேந்து வந்துரும். அதனால அவரு தனிக்கோழியப் பாக்கல, கூண்டையே பாத்தாரு. மொத்தமா நல்லா இருக்கிற கூண்டாப் பொறுக்கி இனம் பெருக்குனாரு. மூக்கை வெட்டாமலே விட்ட கோழிக. ரெண்டாம் தலைமுறையில வருஷத்துக்கு 68 சதவீதம் செத்துக்கிட்டு இருந்தது, நாலாம் தலைமுறையில 8.8-க்கு எறங்கிருச்சு. கூண்டுல விட்ட கோழி ஒண்ணுக்கு 91 முட்டைன்னு இருந்தது 237 ஆயிருச்சு. 1996-ல வந்த கணக்கு இது.

மைக்ரோசாப்ட்டுல ஆளுகளையே அப்பிடிக் கொத்தவிட்டுப் பாத்தாக. டீமுல அத்தனை பேரும் நல்லா வேலை பாத்தாலும், இத்தனை பேரு ஒசத்தி, இத்தனை பேரு மோசம்னு வரிசை கட்டியே தீரணும். கெட்டிக்காரன் இன்னொரு கெட்டிக்காரன் கூடச் சேருவானா? தனக்குக் கீழ நிக்க ஆளு இருக்கிற எடமாப் பாத்துப் போவான். 2013 நவம்பர்ல அந்த ஏற்பாட்டையே தூக்கிப் போட்டுட்டாக.

சரி, இப்ப உன்னைய ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்காத. நீ முட்டை இடுற கோழியா, கொத்துற கோழியா? “நான் ரெண்டு நாளு லீவு போட்டா ஆபீசே நின்னுரும் தாத்தா”ன்னு போன பொங்கலுக்குச் சொன்னியே, அப்ப உன் குரல்ல வருத்தமா இருந்துச்சு? பெருமைல்லா பொங்கி வழிஞ்சுச்சு! சின்னப் பையன் ஒருத்தன் எழுதுனத ராத்திரியோட ராத்திரியா நீயே திருத்தி எழுதிட்டியாமே. அவன் எப்பக் கத்துக்கிட? எட்டுப் பேரு சும்மா இருக்காகங்கிற. அதுல எத்தனை பேர நீ சும்மா இருக்க வச்ச?

நம்ம புஞ்சையில களையெடுக்கிறதப் பாத்திருக்கல்ல. பத்துப் பொம்பளைக ஒரே பேச்சு, ஒரே சிரிப்புன்னுதான் போவாளுக. கூட்டு வேலைதான், ஆனா ஆளுக்கு ஒரு நிரை. எவ முந்துறா, எவ பிந்துறான்னு வரப்புல நிக்கிறவனுக்கும் தெரியும். தன் நிரைய முடிச்சவ, பிந்துனவளுக்கு எதிர்க்கடைசியில இருந்து கை குடுத்துக்கிட்டே வருவா. ஆனா அது கடமையில்ல, உதவின்னு எல்லாத்துக்கும் தெரியும். நாளைக்கு இவளுக்கு இடுப்பு புடிச்சுக்கிட்டா அவ வந்து கை குடுப்பா. உங்க ஆபீசுல புஞ்சை இருக்கு, பேச்சு இருக்கு, சிரிப்பும் இருக்கு. நிரைதான் இல்ல.

நிரை போட்டா நோவு தீருமான்னு கேக்காத. அந்தக் கத்தச் சொன்ன ஆளுகளே 1981-ல அதையும் பாத்துட்டாக. ஒவ்வொருத்தன் சத்தத்தையும் தனித்தனியா அளக்கோம்னு சொன்னதும், கூட்டத்துல வந்த சோம்பல் காணாமப் போச்சு.

அதனால சென்னைக்குத் திரும்பிப் போனதும் மேனேஜர்கிட்ட சண்டைக்கு நிக்காத. திங்கக்கிழமை காலையில, எந்த வேலை எவன் பேருலன்னு எல்லாரும் பாக்கிற எடத்துல எழுதச் சொல்லு. அவரு எழுதலைன்னா நீ எழுதி, “இது சரிதான சார்?”னு பவ்யமா அனுப்பு. உதவின்னு வந்தவன் பக்கத்துல உக்காரு, ஆனா கீபோர்டத் தொடாத. அவன் தப்பாத் தட்டுவான், தட்டட்டும். உன் மண்டைக்குள்ள மட்டும் இருக்கிறத எழுதி வையி. லீவு போட்டா ஃபோன அணைச்சுப் போடு. ஆபீசு நிக்காது. அதுல உனக்குத்தான் கொஞ்சம் வருத்தமா இருக்கும், தாங்கிக்கோ. இத்தனைக்கும் அப்புறம் நிரை போடவே மாட்டேன்னா, வேற புஞ்சை பாரு.

எந்திரி, நேரமாச்சு. போறதுக்கு முன்னால இந்தக் கரண்டு பில்ல ஃபோன்லயே கட்டிட்டுப் போயிரு. உனக்குத்தான் அதெல்லாம் நல்லா வரும். நான் கெழவன், எனக்கு என்ன தெரியும்?

என்னது? பக்கத்துல உக்காந்து சொல்லித் தர்றியா? நானே தட்டணுமா? அடப் பாவிப் பயலே, புத்தி சொன்னவங்கிட்டயேவா ஆரம்பிக்க!