மிச்சம் புடிக்கிற மாப்பிள்ளைக்கு

வாங்க மாப்ள, குந்துங்க. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். திண்ணையிலயே குந்துங்க, காத்து வரும், ஃபேன் போட வேண்டியதில்ல. காபி சொல்லட்டா? அடடா, உங்க பெரிய அத்தை இப்பதான் பால் பாத்திரத்தைக் கழுவிக் கவுத்தாங்க. மோர் குடிங்க. ஒடம்புக்குக் குளிர்ச்சி. ஒரு கரண்டி தயிர்ல நாலு பேருக்கு ஆவும்.

இருவதாம் தேதிக்கே கையில துட்டு நிக்கலன்னு எங்க பொண்ணுகிட்ட பொலம்பினீங்களாமே. காதுக்கு வந்துச்சு. சொந்தக்காரங்க நாலு பேரு உங்களைச் செலவாளின்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். ஒரு பீடி உண்டா, ஒரு சீட்டாட்டம் உண்டா, தங்கமான புள்ள. உங்க கோளாறு வேற. நீங்க மிச்சம் புடிக்கிறவரு. செலவாளி துட்டு தீந்தா நின்னுடுவான். மிச்சம் புடிக்கிறவரு கடன் வாங்கிக்கூட மிச்சம் புடிப்பாரு.

அன்னைக்கு உங்க வூட்டுக்கு வந்தப்ப பாத்ரூமுக்குப் போனேன். ஷாம்பூ மட்டும் ஒரு அலமாரி. எங்க பொண்ணுக்கு முடி நீளம், சரி. உங்க தலையப் பாத்துட்டு நான் ஒண்ணும் சொல்லல. நீங்களாவே சொன்னீங்க, "மூணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ, மாமா. நானூறு ரூபா மிச்சம்." நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்: அந்த நானூறு எங்க இருக்குது, காட்டுங்க, கண்ணால பாத்துட்டுப் போறேன். நீங்க போனை எடுத்துக் காட்டினீங்க. பச்சை எழுத்துல போட்டிருந்துச்சு, இத்தினி ரூபா சேமிச்சிருக்கீங்கன்னு. கடைக்காரன் எழுதினா துட்டு ஆயிடுமா மாப்ள? இந்தச் செவுத்துல நான்கூட கரிக்கட்டையால ஒரு கோடி மிச்சம்னு எழுதி வைப்பேன். மழை வர்ற வரைக்கும் நானும் கோடீஸ்வரன்தான்.

மிச்சம் புடிக்கிறது இன்னான்னு தெரியணும்னா உள்ள மோர் கடையறாங்களே, அவங்ககிட்ட கத்துக்கணும். மெதுவாப் பேசுங்க, காது பாம்புக் காது.

2016 நவம்பர் 8, ராத்திரி எட்டு மணிக்கு டிவியில பிரதமர் வந்தாரு. 500, 1000 நோட்டு செல்லாதுன்னாரு. நான் சிரிச்சேன். நம்ம வூட்டுல எங்க இருக்குது, செல்லாமப் போறதுக்கு? உங்க அத்தை சிரிக்கல. எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினாங்க. அரிசி டிரம்முல முழங்கை வரைக்கும் கையை வுட்டு ஒரு மஞ்சப் பைய உருவினாங்க. அப்பால உளுத்தம்பருப்பு டப்பாவுலேர்ந்து ஒரு சுருள். முகூர்த்தப் பட்டுப்புடவை மடிப்புல ஒரு கத்தை, ஒரு நோட்டுகூட கசங்கல. கடைசியா சாமி படத்துக்குப் பின்னாலேர்ந்து ஒரு கவர். அந்தச் சாமிய நான் தெனம் கும்புட்டுக்கினு இருந்தேன் மாப்ள, ஒரு வார்த்தை சொல்லல!

மொத்தம் எத்தினின்னு கேக்காதீங்க. எண்ணறப்ப என்னை வெளியில நிக்க வச்சிட்டாங்க. பேங்க் வரிசையில மட்டும் நிக்க வுட்டாங்க. நோட்டு மாத்தினவங்க வெரல்ல ஓட்டு மைய வச்சு அனுப்பினாங்க, ஞாபகம் இருக்குதா? எனக்கும் வச்சாங்க. செல்லாதுன்னு சொன்ன நோட்டுல நூத்துக்கு 99 பங்குக்கு மேல திரும்பி வந்துடுச்சுன்னு 2018-ல ரிசர்வ் பேங்கே சொல்லிடுச்சு. அதுல தாலி கட்டினவனுக்குத் தெரியாத பணம் எத்தினின்னு மட்டும் யாரும் கணக்கு எடுக்கல. எடுத்திருந்தா எத்தினியோ வூட்டுல சண்டை.

எப்படிச் சேத்தாங்கன்னு நான் ரொம்ப நாள் யோசிச்சேன். கீரைக்காரம்மாகிட்ட அஞ்சு ரூபாக்கு அரை மணி நேரம் மல்லுக்கு நிப்பாங்களே, எதுக்கு இந்தப் பேஜாருன்னு நெனைப்பேன். அப்பாலதான் புரிஞ்சுச்சு: எங்கிட்ட முழு வெலைய வாங்கிக்குவாங்க, கொறைச்ச வெலையக் கீரைக்காரம்மாகிட்ட குடுப்பாங்க, நடுவுல நின்ன அஞ்சு ரூபா அன்னைக்குச் சாயங்காலமே டிரம்முக்குள்ள போயிடும். நாளைக்குன்னு பேச்சே கிடையாது. நாளைக்குன்னா அந்த அஞ்சு ரூபா பக்கோடா ஆயிடும்.

அதையே நீங்களும் செய்ங்க. ஷாம்பூவுல நானூறு மிச்சம்னு போன் சொல்லுச்சா? அன்னைக்கே நானூறு ரூபாய நோட்டா எடுத்து ஒரு டப்பாவுல போடுங்க. போட முடியலன்னா அதுக்குப் பேரு செலவு. ஒரு மாசம் செஞ்சு பாருங்க, ஆஃபர் வந்தாலே வயித்தைக் கலக்கும்.

இப்ப கரண்ட்டு. உங்க ஏசி ராத்திரி முழுக்க ஓடுது, உள்ள ரெண்டு பேரும் கம்பளி போத்திக்கினு படுக்கறீங்க. 18-ல வச்சா சீக்கிரம் குளிராயிடும்னு யாரோ சொன்னாங்களாம். 26-ல வச்சு ஃபேனை மெதுவா சுத்த வுட்டா கம்பளிக்கு வேலை இல்ல. சரி, அது உங்க தூக்கம். நான் சொல்ல வந்தது அந்த 501-ஆவது யூனிட்டைப் பத்தி.

2016 மே மாசம் ரெண்டு மாசத்துக்கு நூறு யூனிட்டு சும்மான்னு ஜெயலலிதா அம்மா கையெழுத்து போட்டாங்க. அது எல்லாருக்கும் தெரியும். 2022 செப்டம்பர்ல கட்டணத்தை மாத்தினாங்களே, அந்த அட்டவணைய நீங்க படிச்சீங்களா? எம்.பி.ஏ. படிச்சவரு, படிச்சிருக்க மாட்டீங்க. அப்ப ரெண்டு மாசத்துல சரியா 500 யூனிட்டுல நின்னா 1725 ரூபா. ஒரே ஒரு யூனிட்டு தாண்டி 501 ஆச்சுன்னா 1958. ஒத்தை யூனிட்டு 233 ரூபா! ஏன்னா ஐநூறைத் தாண்டினவன் வசதிக்காரன்னு கீழ்ப்படியில குடுத்த மானியத்தைப் புடுங்கிக்கிறாங்க. அதுக்கப்பால 2024-லயும் ரேட்டு ஏறுச்சு. அப்பவும் அந்த ஐநூறாவது படிய மட்டும் யாரும் நகத்தல.

அதனால நான் இன்னா செய்வேன் தெரியுமா? ரீடிங் எடுக்க வர்ற நாளுக்குப் பதினஞ்சு நாள் முன்னாடி மீட்டர் பெட்டியத் தொறந்து பாப்பேன். போன தடவை ரீடிங்கைக் கழிப்பேன். நானூத்தி முப்பது ஓடிச்சுன்னா அன்னையிலேர்ந்து மிக்ஸி கிடையாது, அம்மிதான். கிரைண்டர் கிடையாது, மாவு பக்கத்து வூட்டுல. இஸ்திரி? சட்டைய மடிச்சுத் தலைகாணிக்கு அடியில வச்சுப் படுத்தா காலையில கத்தி மாதிரி நிக்கும். ஈபிக்காரரு வந்து பாப்பாரு: 491. அவரு மூஞ்சியப் பாக்கணும் நீங்க. அவருக்கு ஒரு நஷ்டமும் இல்ல, ஆனாலும் எனக்கு ஒரு சந்தோஷம்.

நீங்க இன்னா செஞ்சீங்க? கரண்ட்டு பில்லைப் போன்ல கட்டினா அம்பது ரூபா கேஷ்பேக்குன்னு ஓடிப் போய் கட்டினீங்க. அந்த அம்பதும் துட்டா வரல, கூப்பனா வந்துச்சு. எதுக்கு? ஷாம்பூவுக்கு.

ரேஷன் கார்டு வச்சிருக்கீங்க, வரிசையில நிக்கக் கூச்சம். கிலோ 30 ரூபாக்குத் துவரம்பருப்பு, 25 ரூபாக்கு ஒரு லிட்டர் பாமாயில். பாமாயில் நெஞ்சுக்கு ஆவாது மாமான்னு போன்ல பாத்துச் சொன்னீங்க. நல்ல விசயம். அப்ப கையில வச்சிருந்தீங்களே சிப்ஸ் பாக்கெட்டு, அதைத் திருப்பிப் படிங்கன்னேன். மூக்குக் கண்ணாடிய எடுத்து மாட்டிக்கினு படிச்சீங்க. அதுக்கப்பால கொஞ்ச நேரம் நீங்க பேசல.

அந்த சிப்ஸ் எப்படி வந்துச்சு, அதையும் சொல்லிடறேன். எங்க பொண்ணு அரைக் கிலோ தக்காளி கேட்டா. அண்ணாச்சி கடை உங்க கேட்டுலேர்ந்து கூப்புடு தூரம். நீங்க போனைத் தட்டினீங்க. தக்காளி 20 ரூபா, வூட்டுக்குக் கொண்டாந்து குடுக்க 30 ரூபா. 199-க்கு வாங்கினா அந்த 30 கிடையாதுன்னான். உடனே 30 ரூபாய மிச்சம் புடிக்க 180 ரூபாக்கு சிப்ஸு, பிஸ்கோத்து, நாய் சோப்பு. நாயே இல்லாத வூட்டுல!

உங்க அத்தை கதை வேற. 2021 மே மாசத்துலேர்ந்து சாதா பஸ்ஸுல பொம்பளைங்களுக்கு டிக்கெட்டு இல்ல. தெருப் பொம்பளைங்க நாலு பேரு சேந்துக்கினு விடியறதுக்கு முன்னால கோயம்பேடு போறாங்க. மூட்டைக் கணக்குல வாங்கி நாலாப் பங்கு போட்டுக்கிறாங்க. 2020 மே மாசத்துல கொரோனான்னு கோயம்பேட்டை இழுத்து மூடி, காய்கறி மார்க்கெட்டை நம்ம பக்கத்துத் திருமழிசைக்கே தூக்கிக்கினு வந்து வச்சாங்க பாருங்க, பூந்தமல்லியத் தாண்டினதும் மார்க்கெட்டு! உங்க அத்தைக்கு அந்த வருசம் நோவு பயம் ஒரு கண்ணுல, சந்தோஷம் ஒரு கண்ணுல. எனக்கு மட்டும் எந்தக் காலத்துலயும் பஸ்ஸுக்கு டிக்கெட்டு உண்டு. அதனால நான் எங்கியும் போறதில்ல. ஆம்பளைக்கு டிக்கெட்டு போட்டதே ஊர் சுத்தாம வூட்டுல கெடக்கட்டும்னுதான்னு உங்க அத்தை சொல்றாங்க. இருக்கும்.

தண்ணியப் பத்தி ஜாஸ்தி சொல்ல மாட்டேன். செம்பரம்பாக்கத்துக்குப் பக்கத்துல குந்திக்கினு கேன் தண்ணி வாங்கறோம், எல்லாந்தான். 2019 கோடையில அந்த ஏரி பாளம் பாளமா வெடிச்சுக் கெடந்ததை நீங்களும் பாத்தீங்க. உங்க ஃபில்டர் மெசினு ஒரு குடம் குடுக்கறதுக்கு ஒரு குடத்துக்கு மேல சாக்கடையில ஊத்துதே, அந்தக் குழாய்க்கு அடியில ஒரு பக்கெட்டு வைங்க. தரை தொடைக்க ஆவும். பக்கெட்டு ஆஃபர்ல வாங்காதீங்க, நான் தர்றேன்.

வட்டி வெவகாரம் ஒண்ணு இருக்குது. 2022-ல மெட்ராஸ்ல ஒரு கம்பெனி மாசத்துக்கே நூத்துக்கு 25, 30 வட்டின்னு சொல்லி ஆயிரக்கணக்கான கோடிய வாரிச்சே. நம்ம பக்கத்துல படிச்சவங்கதான் முதல்ல போட்டாங்க. எங்கிட்டயும் ஒருத்தன் வந்தான். "மொதல் ரெண்டு மாசம் கரெக்டா குடுத்தாங்க தாத்தா"ன்னான். நான் சின்ன வயசுல ஏரியில மீன் புடிச்சவன். புழுவை மீனு நெசமாத்தான் தின்னும்பா, அதுல ஒரு ஏமாத்தும் இல்லன்னேன். அவனுக்குப் புரியல. உங்களுக்கும் அந்த எண்ணம் இருந்துச்சுன்னு கேள்விப்பட்டேன், எங்க பொண்ணு வளையலைக் குடுக்க மாட்டேன்னுட்டா. உங்க அத்தைதான் அவளுக்குப் பெரியம்மா, அவங்க வளப்பு.

வூட்டுக் கடன் தவணையப் பத்தி நான் பேச மாட்டேன், பாவம். நீங்க இருவது வருசத்துக்குக் கட்டற அந்த பெட்ரூம் இருக்குதே, அந்த எடத்துலதான் எங்கப்பா கத்திரி நட்டாரு. அவரு வாங்கினப்ப இன்னா வெலைன்னு சொன்னா உங்களுக்குத் தூக்கம் வராது. போனஸ் வந்தா அசல்ல கொஞ்சம் கட்டுங்க. ஆரம்ப வருசங்கள்ல கட்டறதுல பெரும்பங்கு வட்டிக்கே போவுது, பேங்க் பேப்பரை எடுத்துப் பாருங்க. போனஸ்ல பெரிய டிவி வாங்கினா பத்தாயிரம் தள்ளுபடின்னு நீங்க சொல்ல வர்றது தெரியுது. வாய மூடிக்கினு மோரைக் குடிங்க.

மணி இன்னா ஆச்சு? அய்யய்யோ, பேச்சுல மறந்துட்டேன். திருவேற்காட்டுல நம்ம பங்காளி வூட்டுக் கல்யாணம், சாயங்காலம் ரிசப்ஷன். நீங்க வண்டியிலதான வந்தீங்க? டேங்க் ரொப்பியாச்சா? அப்ப என்னைப் பின்னால ஏத்திக்கினு போயிடுங்க, அங்கியே சாப்புட்டுடலாம், உங்க வூட்டுல இன்னைக்கு அடுப்பு பத்த வைக்கிற வேலையும் இல்ல. கேஸு மிச்சம். எங்க பொண்ணையும் அத்தையையும் பஸ்ஸுல வரச் சொல்லிடலாம், அவங்களுக்கு டிக்கெட்டு இல்ல.

மொய்க்கு ரெண்டு கவர் எதுக்கு, ஒரே குடும்பம். ஒண்ணாவே எழுதிடலாம். 1990-ல எங்க தங்கச்சி கல்யாணத்துக்கு அவங்க 51 வச்சாங்க, நோட்டுல இருக்குது. இப்ப ஐநூத்தி ஒண்ணு வச்சா கவுரதையா இருக்கும். பேரு என் பேரே இருக்கட்டும், அவங்களுக்கு உங்களை அடையாளம் தெரியாது. துட்டு மட்டும் நீங்க எடுங்க. ஒத்தை ரூபா எங்கிட்ட இருக்குது, நான் போட்டுக்கறேன்.