வான்தூரக்காரர்

ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா மூன்றும் கால் நனைக்கும் போடன் ஏரிக்கரை ஊர்களில் இந்த ஆசாமியைப் பார்க்கலாம். "இங்கிருந்து கொலோன் எவ்வளவு தூரம்?" என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் தீர்ந்தது. "ரோட்டிலா, வானிலா?" என்பார். பதிலுக்குக் காத்திருக்கும் வழக்கமில்லை. "வானில் 400 கிலோமீட்டர். அரை மணி!"

விமான அட்டவணை ஒரு மணி நேரத்துக்கும் மேல் காட்டினால் அவருக்குக் கோபம் வரும். விமானம் நிறுத்திய இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து மறுபடி நிற்கும்வரை நிறுவனங்கள் கணக்கெடுக்கின்றன. ஓடுபாதைக்கு உருண்டு போவது, மெல்ல மேலேறுவது, காற்றுக்கு எதிராக இறங்குவதற்காகச் சுற்றி வருவது, தாமதமானால் சமாளிக்க முன்கூட்டியே சேர்த்துவைத்த சில நிமிடங்கள் எல்லாம் அதில் அடக்கம். இவர் அகராதியில் சக்கரம் தரையை விடுவதற்கும் தொடுவதற்கும் நடுவில் நடப்பதுதான் பயணம். பாதுகாப்புச் சோதனையில் பெல்ட்டைக் கழற்றி, கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நேரம் அவர் ஆயுளிலேயே சேராது.

இவருக்கு ஒரு பொற்காலமும் வாய்த்தது. 2016 நவம்பரில், ஏரியின் சுவிஸ் கரையிலுள்ள சாங்க்ட் காலன்-ஆல்டன்ரைன் விமான நிலையத்திலிருந்து எதிர்க்கரை ஃப்ரீட்ரிஷ்ஷாஃபெனுக்கு ஒரு சேவை தொடங்கினார்கள். கொலோன் போகிற விமானம் வழியில் இங்கே இறங்கும். தூரம் சுமார் 20 கிலோமீட்டர், நேரம் 8 நிமிடம். அதற்கு எம்ப்ரயர் ஜெட்!

சுற்றுச்சூழல்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். நம்மவர் டிக்கெட் எடுத்தார்.

சங்கடம் என்னவென்றால், அவர் வீடு ஃப்ரீட்ரிஷ்ஷாஃபெனில். ஆகவே மனைவியையும் இழுத்துக்கொண்டு, கப்பலேறி 40 நிமிடத்தில் ரோமன்ஸ்ஹோர்ன், அங்கிருந்து ரயில், பிறகு பஸ் என்று ஆல்டன்ரைன் போய், சொந்த ஊருக்கே பறந்து வந்தார். கிளம்பும்போது கைப்பேசியின் ஸ்டாப் வாட்ச் மேல் கட்டைவிரல் தயாராக நின்றது. சக்கரம் தூக்கியதும் ஒரு அழுத்து. கீழே ஏரி மின்னியது. மனைவி ஜன்னலைக் காட்டினார். அவர் நிமிரவில்லை, வினாடிகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தரை தட்டியதும் இன்னொரு அழுத்து.

"பாத்தியா! எட்டு நிமிஷம்கூட ஆகல!"

"காலைல கிளம்பினோம். சாயங்காலமாச்சு."

"அது வேற கணக்கு."

2017 ஏப்ரலில் அந்தச் சேவையை நிறுத்தியபோது அவர் வீட்டில் துக்கம் விழுந்த மாதிரி இருந்ததாம். எனக்கென்னவோ, அந்த அம்மா அன்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார் என்று தோன்றுகிறது. ஆனால் நிம்மதி நீடிக்கவில்லை. ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில், வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேவுக்குப் போகும் குட்டி விமானத்தைப் பற்றி அவர் அறிந்துகொண்டுவிட்டார். தூரம் 2.7 கிலோமீட்டர், ஃபிராங்க்ஃபர்ட்டில் ஓடுபாதையே 4 கிலோமீட்டர். அட்டவணைப்படி 2 நிமிடம், காற்று ஒத்துழைத்தால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே முடிந்துவிடுமாம். சமையலறை மேசையில் இப்போது வரைபடம் விரிந்து கிடக்கிறது. எடின்பரோ போகவேண்டும், அங்கிருந்து கர்க்வால், அப்புறம் வெஸ்ட்ரே. மூடுபனி இறங்கினால் நடுவழியில் எங்காவது தங்கவும் நேரும்.

"போய்ச்சேர எத்தனை நாளாகும்?" என்கிறார் மனைவி.

"ரெண்டே நிமிஷம்."