இறகுப் பூச்சிக்குப் பட்டா மாறிய கதை

அம்பத்தூரில் எங்கள் மொட்டை மாடி அவரைப் பந்தலையொட்டிய சுவரில், டியூப்லைட்டுக்குக் கீழே, காய்ந்த புல் இரண்டைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியது போல ஒன்று. ஊதினேன், பறந்து மறுபடி வந்து அதே 'டி' வடிவத்தில் உட்கார்ந்தது. இறகுப் பூச்சி. முன்சிறகு இரண்டாக, பின்சிறகு மூன்றாகப் பிளந்து, பிளவுக்குப் பிளவு ரோமக் குஞ்சம். உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சுருட்டிக் குச்சியாகிவிடும்.

ஆவடிப் பக்கம் மனை வாங்க ஈ.சி. போட்டுப் பார்த்தவர்களுக்கு இதன் பூர்வீகம் உடனே புரியும்.

மூலப்பத்திரம் 1758, எழுதியவர் சுவீடன்காரர் லின்னேயஸ். ஒருவிரலான், இருவிரலான் என்று ஆறுவிரலான் வரை பெயர் வைத்து, ஆறு பேரையும் 'அலுசிட்டா' என்ற ஒரே ரேஷன் கார்டில் ஏற்றினார். ஒருவிரலானுக்கும் ஐந்து பிளவுதான். சுருட்டிக்கொண்டு உட்கார்ந்ததில் மனுஷன் ஏமாந்திருக்க வேண்டும். ஆறுவிரலானோ சொந்தமே இல்லை. நாலு சிறகும் ஆறாறாகப் பிளந்த வேற்றுக் குடும்பம்.

அடுத்து வால்சிங்ஹாம் பிரபு. 1888-ல் ஒரே நாளில் 1,070 காட்டுக்கோழிகளைச் சுட்டுத் தள்ளியவர். அந்தக் கைதான் அதற்கு மூன்று வருஷம் முன்பு, நம் துவரங்காயைத் துளைக்கிற சின்னஞ்சிறு இறகுப் பூச்சிக்குப் பெயர் சூட்டியது.

மேரிக் என்ற பள்ளிக்கூட வாத்தியார் 1895-ல் இரண்டு குடும்பத்தையும் பைராலிட் அந்துகளின் வீட்டில் ஒண்டுக்குடித்தனம் வைத்தார். அவர் புத்தகத்தில் அலுசிட்டா பட்டா வெள்ளை ஐந்துவிரலான் பேரில். பிற்பாடு அது ஆறுவிரலானுக்கே திரும்பியது. பிறப்புறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் இனம் பிரிக்க வேண்டும் என்று இளவட்டங்கள் சொன்னபோது, கைலென்ஸே போதும் என்று இருந்துவிட்டார். வாத்தியார் பிடிவாதம்!

நம் பக்கத்து ஆள் ஃபிளெட்சர். கப்பற்படையில் சம்பளப் பட்டுவாடா பார்த்தவர். 1909-ல் இலங்கை இறகுப் பூச்சிகளைப் பற்றி எழுதி, பிறகு சென்னை மாகாணத்துப் பூச்சியியலாளராகி, 1914-ல் தென்னிந்தியப் பூச்சிகளுக்கே ஒரு புத்தகம் போட்டார். கப்பல் கணக்கைவிட இது சுவாரசியமாக இருந்திருக்கும்.

இன்று இறகுப் பூச்சிகள் தனிக்குடித்தனம்: ஒரு பெருங்குடும்பம், அதில் ஒரே குடும்பம், 1,300-க்கு மேல் இனங்கள். டி.என்.ஏ. பார்த்தும் பங்காளி யாரென்ற வழக்கு தீரவில்லை.

எங்கள் சுவரில் இருந்தது எந்த இனம் என்று உறுதியாகச் சொல்ல வயிற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதைப் பல்லி செய்துவிட்டது.